நோட்டும் பில்லும் – 2025 மே, ஜூன்

மே 12, திங்கள்

ஸ்டேசன்ல இருந்து போன். இவுகளை மட்டும் இல்ல, என்னையும் வரச் சொல்றாக.

மே 13

பத்து மணிக்குப் போயி மூணு மணி வரைக்கும் வேப்பமரத்தடியில உக்காந்திருந்தோம். அப்புறம் கூப்புட்டு, படகு முதலாளி சம்மாட்டி அண்ணன் எங்க மேல குடுத்த மனுவை வாசிச்சுக் காமிச்சாக. "ஏமாற்றும் நோக்கத்தோடு ஆசை வார்த்தை கூறி"ன்னு ஒரு வரி. அதுக்கப்புறம் வாசிச்சது எதுவும் என் காதுல ஏறல.

ஆசை வார்த்தையா? தை மாசம் சம்மாட்டி அண்ணன்தான் எங்க திண்ணையில வந்து உக்காந்து, ஏப்ரல் 15 மீன்பிடித் தடை வந்தா விசைப்படகு லாஞ்சு எல்லாம் கரையில கெடக்கும், 61 நாளும் நாட்டுப்படகுக்காரன் மீனுக்குத்தான் விலை, அதுக்குள்ள ஒரு பைபர் வல்லம் கட்டி இறக்கிக் குடுத்துரு தம்பின்னு இவுககிட்ட கேட்டாக. விலை 4,80,000, எஞ்சின் அவுக பொறுப்பு. முன்பணம் 2,50,000, அச்சுல இருந்து வல்லத்து உடம்பைக் கழட்டுற அன்னைக்கு 1,50,000, மிச்சம் கடல்ல இறக்கும்போது. நோட்டுல எழுதுனது நான்தான். ரூபா வந்ததும் என் அக்கவுண்டுக்குத்தான், இவுக அக்கவுண்டுல காசு விழுந்தா லோனுக்குப் பிடிச்சிருவாகன்னு என் நம்பரைக் குடுத்தோம். அதனால மனுவுல இவுக முதல் ஆளு, நான் ரெண்டாவது.

எம்மக புதுநன்மைக்கு மோதிரம் போட்ட அண்ணன்.

மே 14

தூக்கமில்ல. ஆசை வார்த்தை, ஆசை வார்த்தை.

மே 16

ராம்நாட்டுல வக்கீலைப் பாத்தோம். பஸ்சு பாலத்துல ஏறும்போது எம்மக ஜன்னலோரம், போன மாசம் திறந்த புது ரயில் பாலத்தைக் காமிச்சுக்கிட்டே வந்துச்சு, நான் தலையத் தூக்கிப் பாக்கல.

வக்கீல் நல்ல மனுசன், அவசரப்படல. பழைய 420 தான் இப்ப புதுச் சட்டத்துல 318(4), 2024 ஜூலை 1ல இருந்து. ஏழு வருசம் வரைக்கும் போடலாமாம். எனக்குக் கை நடுங்கிருச்சு. அப்புறம்தான் சொன்னாரு, சொன்ன தேதிக்கு வேலைய முடிக்காதது மட்டும் மோசடி ஆகாதும்மா, வாக்குக் குடுக்கும்போதே ஏமாத்தணும்னு மனசுல இருந்துச்சா, அதான் கேள்வி, ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்குல 2000ல சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவா சொல்லிருக்குன்னாரு. மனுவுல நம்பிக்கை மோசடியும் சேத்துக் கேட்டிருக்காக, ஒரே காசுக்கு ரெண்டும் சேந்து நிக்காதுன்னு 2024ல ஒரு தீர்ப்பு இருக்காம்.

மனசுல இருந்ததை எதை வச்சுக் காமிக்கிறதுன்னு கேட்டேன். "காசு வந்த வாரத்துல என்ன பண்ணீங்க? அதுக்குப் பேப்பர் இருக்கா?"

இருக்கு. வல்லத்துக்கு வேண்டிய பைபர் சாமான், ரெசின், மேட்டு, ரோவிங், எல்லாம் காசு வந்த மூணாம் நாளே வாங்கிட்டோம். 1,36,000. தூத்துக்குடியில இருந்து லாரியில வந்துச்சு. பில்லு பீரோவுலதான் இருக்கணும்.

மே 17

பீரோவுல இல்ல. சேலை மடிப்பு ஒவ்வொண்ணா உதறிட்டேன். கரண்ட் பில்லு, குழு லோன் அட்டை, அப்பா இறப்புச் சான்றிதழ், எல்லாம் இருக்கு.

மே 18, ஞாயிறு

பூசையில மதினி, சம்மாட்டி அண்ணன் வீட்டுக்காரவுக, எனக்கு முன்னாடி வரிசை. சமாதானம் சொல்ற நேரம் திரும்புனாக, என்னையப் பாத்தாக, கை குவிக்கல, மறுபடி பீடத்தைப் பாத்துக்கிட்டாக. கண்ணு கலங்கியிருந்துச்சு. அவுகளுக்கும் இது பிடிக்கலன்னு நான் நினைக்கிறேன். நினைப்பாத்தான் இருக்குமோ.

மே 20

ஒரு வாரத்துல 2,50,000 திருப்பிக் குடுத்துர்றோம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, இல்லன்னா எப்ஐஆர் போடுவோம்கிறாக. இவுக பேனாவ வாங்கிட்டாக. நான்தான் கையப் பிடிச்சேன். வக்கீலைக் கேக்காம போட மாட்டோம்னு சொன்னதுக்கு அந்த ஏட்டு என்னையப் பாத்த பார்வை. கடனை வசூல் பண்ணிக் குடுக்குறது ஸ்டேசன் வேலை இல்ல, காசு வரணும்னா சிவில் கோர்ட்டுல மூணு வருசத்துக்குள்ள கேஸ் போடலாம்னு வக்கீல் போன்ல சொன்னாரு. சிவில் கோர்ட்டு மே மாசம் லீவு. ஸ்டேசனுக்கு லீவு ஏது.

மே 21

வல்லத்து உடம்பு வளையுதுன்னு இவுக ராத்திரி எந்திரிச்சு உக்காந்து சொல்றாக.

மே 24

கொட்டகைக்குப் போனேன். ரெண்டரை மாசமா அப்படியே நிக்கிது. வெளிப்பக்கம் நீலம் மின்னுது, உள்ள பாத்தா பச்சையும் மஞ்சளுமா காஞ்ச ரெசின், விளிம்பு வெட்டாம மேட்டு நூல் முடி மாதிரி தொங்குது, தொட்டா விரல்ல குத்தி ரெண்டு நாளைக்கு அரிக்கும். உள்ள குறுக்குக் கட்டை இன்னும் வைக்கல. கட்டை இல்லாம அச்சை விட்டுக் கழட்டுன உடம்பு நாளாக நாளாக ரெண்டு பக்கமும் விரியுமாம், அதனால இவுக கயிறு போட்டு இழுத்துக் கட்டி, மணல் மூட்டை முட்டுக் குடுத்து வச்சிருக்காக. ஏமாத்துறவன் இப்படிக் கயிறு போட்டுக் காப்பாத்துவானா? இதையெல்லாம் யாரும் வந்து பாக்கல. வந்து பாருங்கன்னு ரெண்டு தடவை சொல்லிட்டோம்.

அண்ணன் பக்கமும் எழுதணும், இல்லன்னா எனக்கு மனசு ஆறாது. பிப்ரவரி கடைசியில அவுக லாஞ்சை இலங்கை நேவி பிடிச்சுட்டுப் போயிருச்சு. ஆளுக திரும்பிட்டாக, லாஞ்சு வரல. உடம்பைக் கழட்டுன அன்னைக்கு 1,50,000 கேட்டு எந்த வாயோட போறது? மார்ச் முழுக்க நாங்க கேக்கல. ஏப்ரல்ல கேட்டோம், அவுககிட்ட இல்ல. மே வந்ததும் வல்லம் வேணாம், முன்பணத்தைத் திருப்பிக் குடுன்னாக. அந்தக் காசு கொட்டகையில ரெசினா நிக்கிதே அண்ணே, கூலியாப் போயிருச்சே. சீசன் போச்சு அவுகளுக்கு, நட்டம்தான், அந்த வலி எனக்குத் தெரியும். அதுக்காக ஆசை வார்த்தைன்னு எழுதலாமா.

மே 27

எப்ஐஆர் போட்டுட்டாக. எங்க ரெண்டு பேர் பேரும்.

மே 28

விசாரணைக்கு வரச் சொல்ற 35(3) நோட்டீஸ் குடுத்தாக. ஏழு வருசம் வரைக்கும் உள்ள கேசுல எடுத்த எடுப்புல கைது பண்ணக் கூடாது, 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பு இருக்கு, கூப்புடுற தேதிக்கெல்லாம் தவறாம போங்க, பேப்பரை எல்லாம் எழுத்துல குடுங்கன்னாரு வக்கீல். இருந்தாலும் முன்ஜாமீன் போட்டு வச்சுக்கலாம்னு சொல்றாரு. ஹைகோர்ட்டு லீவு முடிஞ்சதும் மதுரை பெஞ்சுல எப்ஐஆரையே ரத்து பண்ணக் கேக்கலாமாம். அதுக்குச் செலவு? சங்கிலி இருக்கு.

தண்ணி பிடிக்கிற எடத்துல நான் போனதும் பேச்சு நின்னுச்சு.

மே 30

தூத்துக்குடி கடைக்கு நாலாவது தடவை போன். ஜனவரி பில்லு கம்ப்யூட்டர்ல இருக்கும், எடுத்து அனுப்புறேங்கிறாக.

ஜூன் 2

ஸ்கூல் திறந்துருச்சு. எம்மக பத்தாம் வகுப்பு. அம்மா, ஸ்கூல்ல யாருக்காவது தெரியுமான்னு கேட்டுச்சு. தெரியாதுன்னேன்.

ஜூன் 6

பில்லு வந்துருச்சு! வாட்ஸ்அப்புல. ஜனவரி 27. காசு வந்தது 24. கண்ணுல ஒத்திக்கிட்டேன் போனை.

ராத்திரி

முழுசா இப்பத்தான் பாக்குறேன். பில்லு எங்க பேருல இல்ல. எங்களுக்கு ஜிஎஸ்டி நம்பர் இல்லன்னு மண்டபத்துல வல்லம் வேலை பாக்குற தம்பி பேருல போட்டு வாங்கிருக்காக இவுக. அவன் சரக்கும் அதுலயே சேந்து கெடக்கு, மொத்தம் 2,10,000. எங்க ரெசின் எது அவன் ரெசின் எதுன்னு பில்லுல எங்க இருக்கு. ஏங்க இதை அன்னைக்கே சொல்லலன்னு கத்திட்டேன். பதில் சொல்லல, கொட்டகைக்குப் போயிட்டாக.

ஜூன் 7

நோட்டுல நான் 27ஆம் தேதிக்கு நேரா "ரெசின் வகை 1,36,000, தம்பி கையில"ன்னு எழுதிருக்கேன். பேங்க் பாஸ்புக்குல அன்னைக்கே அவன் அக்கவுண்டுக்கு 1,36,000 போயிருக்கு. நோட்டு, பாஸ்புக்கு, பில்லு மூணும் ஒரே தேதி. போதும்மா, ஆனா அந்தத் தம்பி வந்து சொல்லணும்னாரு வக்கீல்.

ஜூன் 9

தம்பி போன் எடுக்கல.

ஜூன் 10

எடுக்கல.

ஜூன் 12

எடுத்தான். அக்கா, நானும் அதே சம்மாட்டிக்குத்தான் ரெண்டு வல்லம் ரிப்பேர் பாக்குறேன்னான். வர மாட்டேன்னு சொல்லல. திங்கக்கிழமை சொல்றேன்னு வச்சுட்டான்.

ஜூன் 14

தடை இன்னைக்கு ராத்திரியோட முடியுது. சாயங்காலத்துல இருந்து ஐஸ் வண்டி போயிக்கிட்டே இருக்கு, தெருவெல்லாம் தண்ணி சொட்டுன கோடு. இவுக கயித்தை இன்னொரு சுத்து இறுக்கிட்டு வந்து, பாதி உப்புத்தாள் தேச்சுட்டேன், எப்ப காசு வந்தாலும் பத்து நாள்ல முடிச்சுருவேன்னாக. யாருகிட்ட சொல்றாகன்னு தெரியல.

மதினிகிட்ட நானே போயிப் பேசலாமான்னு இருக்கு. பேசக் கூடாது, சாட்சியக் கலைக்கிறதா ஆக்கிருவாகங்கிறாரு வக்கீல்.

ஜூன் 15, ஞாயிறு

மதினி பேசுனாக. கோயில் வாசல்ல, அவுகளே வந்து என் கையப் பிடிச்சு. என்ன சொன்னாகன்னு இங்க எழுத வேணாங்கிறாக இவுக.