டைகருக்கு யார் சோறு வைப்பது?

டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம், ஒரு வக்கீல் அலுவலகத்தில் உயில் எழுதுவதுதான் என் வேலை. வருகிறவர்களில் பாதிப்பேர் நம் தாத்தாக்களும் ஆயாக்களும். வீடு யாருக்கு, நகை யாருக்கு என்பதையெல்லாம் முடிவு செய்துகொண்டே வருவார்கள். வளர்க்கும் நாயைப் பற்றி மட்டும் நான் கேட்டால்தான் பேச்சு வரும். கேட்டதும் சிலருக்குக் கண் கலங்கிவிடும். அதனால் இப்போதெல்லாம் வீட்டு விவரத்துக்கு முன்பே அதைக் கேட்டுவிடுகிறேன்.

தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் நாயும் ஒரு சொத்துதான். அதன் பெயரில் பணம் எழுதிவைக்க முடியாது. "20,000 ராண்ட் டைகருக்கு" என்று எழுதினால் அந்த வரி செல்லாது. நாயை ஓர் ஆளுக்கு எழுதி, பணத்தையும் அவருக்கே எழுதி, அது எதற்கு என்பதையும் சேர்க்க வேண்டும். அவர் முடியாது என்றால் அடுத்து யார் என்று இன்னொரு பெயரும் தேவை. இதற்கென்று டிரஸ்ட் வைக்கவும் வழியுண்டு. சின்னத் தொகைக்கு நான் அதைச் சொல்வதில்லை. கணக்குக்கும் கட்டணத்துக்குமே பணம் கரைந்துபோகும்.

டைகர் என்ற நாயை வளர்க்கும் ஆயா, "எதிர்வீட்டுத் தம்பிகிட்டதான் அது ஒட்டிக்கிச்சு. அவனே வெளியில உக்காந்திருக்கானே, சாட்சிக் கையெழுத்தும் போட்டுடட்டுமே" என்றார். "வேண்டாம் ஆயா, போட்டா அவருக்கு நீங்க எழுதுறது கிடைக்காமப் போயிடலாம்" என்றேன். 1953-ஆம் ஆண்டு உயில் சட்டம் இரண்டு சாட்சிகள் கேட்கிறது. சாட்சியாகக் கையெழுத்திட்டவர் பொதுவாக அந்த உயிலால் எதையும் பெற முடியாது. எங்கள் அலுவலகத்தில் இருவர் கையெழுத்திட்டார்கள்.

ஆனால் என் கவலையெல்லாம் உயில் கைக்கு வருவதற்கு முந்தைய நாட்களைப் பற்றித்தான். உயில் எங்கள் அலமாரியில் இருக்கும். மரணத்தை 14 நாளுக்குள் இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உயிலை நிறைவேற்றுபவருக்கு அங்கிருந்து அதிகாரக் கடிதம் வரப் பல வாரம், சில நேரம் பல மாதம் ஆகும். அதுவரை வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கும். நாய்க்கு அன்று ராத்திரியே பசிக்குமே! சாவு வீட்டில் கேட் திறந்தே கிடக்கும், முகம் தெரியாத கூட்டம் வரும் போகும். மிரண்டு வெளியே ஓடினாலும், பின்கட்டில் கட்டிப்போட்டபடி கிடந்தாலும் கருமாதி முடியும்வரை யாரும் கவனிப்பதில்லை.

அதனால் உயிலோடு தனியாக ஒரு தாளும் எழுதச் சொல்கிறேன். அது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்க வேண்டும். ஆயா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: "காலையில மீலி (மக்காச்சோள) மாவுக் கஞ்சி. வெங்காயம் சேர்க்கக் கூடாது. இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போயிடும், இழுக்காதீங்க." அதற்குக் கீழே எதிர்வீட்டுத் தம்பியின் போன் நம்பர், மருத்துவரின் நம்பர். ரேபிஸ் தடுப்பூசி அட்டையையும் தாளோடு வைக்கச் சொன்னேன். இங்கே அந்த ஊசி சட்டப்படி கட்டாயம். எங்கள் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் ரேபிஸ் இன்னும் போகவில்லை. தோலுக்கடியில் அடையாளத்துக்கான மைக்ரோசிப் போட்டிருந்தால் அதன் 15 இலக்க எண்ணோடு இரண்டாவது ஆளின் நம்பரையும் பதிந்துவிட வேண்டும். இல்லையென்றால் ஓடிப்போன நாயைக் கண்டெடுத்தவர், இறந்துபோனவரின் போனுக்குத்தான் அடித்துக்கொண்டிருப்பார்.

"பிள்ளை பார்த்துக்குவான்" என்பவர்களிடம் பிள்ளை எங்கே குடியிருக்கிறார் என்று கேட்பேன். அம்லாங்கா பக்கம் அடுக்குமாடி என்றால், பெரும்பாலும் கட்டட நிர்வாகக் குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அதை இப்போதே கேட்டு வைக்க வேண்டும். "எஸ்.பி.சி.ஏ. இருக்கே" என்று விலங்கு நலச் சங்கத்தைச் சொல்வார்கள் சிலர். அவர்கள் செய்வது பெரிய தொண்டு. ஆனாலும் கிழட்டு நாய்க்கு அது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பேன்.

"என்னோட சேர்த்து அதையும் ஊசி போட்டு அனுப்பிடுங்க" என்று கேட்பவர்களும் உண்டு. அன்பில்தான் கேட்கிறார்கள். தீராத நோய் என்றால் மருத்துவரிடம் பேசலாம். நல்லா இருக்கிற நாய்க்கு அப்படி எழுத எனக்கு மனசு வருவதில்லை. ஆள் தேடிப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன். அநேகமாக ஆள் கிடைத்துவிடும், நேரில் போய்க் கேட்டால்.

ஆயாவும் அன்று வெளியே போய் அந்தத் தம்பியை நேராகக் கேட்டார். அவர் சரி என்றதும், இரண்டு மாதத் தீனிக்கான பணத்தை இப்போதே கொடுத்து வையுங்கள் என்று ஆயாவிடம் சொன்னேன். உயிரோடு இருக்கும்போது கையில் கொடுத்த பணத்துக்கு எந்தக் கடிதமும் வரக் காத்திருக்க வேண்டியதில்லை.