ஒகேனக்கல்லில் ஒரு ராத்திரி: வாடகை 4,000, குழாயில் தண்ணீர் இல்லை

நேற்று ராத்திரிதான் ஒகேனக்கல்லிலிருந்து வீடு வந்து சேர்ந்தோம். கொடியில் போட்ட துணிகூட இன்னும் காயவில்லை. கோபம் ஆறுவதற்குள் அந்த ஹோட்டலைப் பற்றி எழுதிவிட வேண்டும். மீனைப் பற்றியும் எழுத வேண்டும், அது சந்தோஷமான சமாச்சாரம்.

எங்களுக்குக் காவேரிப்பட்டணம். தருமபுரி போய் பஸ் மாறினால் அங்கிருந்து 46 கிலோமீட்டர்தான். வழக்கமாகக் காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடுவோம். இந்தத் தடவை ஆயுத பூஜை லீவில் அப்பா அம்மாவும் கூட வந்தார்கள். அப்பாவுக்கு முட்டி வலி, ஒரே நாளில் அலைக்கழிக்க வேண்டாம் என்று ராத்திரி தங்க முடிவு செய்தோம். அதுதான் தப்பு.

போனில் பேசும்போதே ஐந்து பேர் என்று தெளிவாகச் சொன்னேன். ஃபேமிலி ரூம் 4,000 என்றார்கள். நாத்தனார் குடும்பம் சாதாரண நாளில் இதே ரூமில் 1,800 கொடுத்துத் தங்கியது. சரி, லீவு நாள், ஏறத்தான் செய்யும் என்று மொத்தப் பணத்தையும் ஜிபேயில் அனுப்பிவிட்டோம். பன்னிரண்டு மணிக்கு ரூம் தயார் என்றவர்கள் சாவி கொடுத்தபோது இரண்டே கால். அதுவரை அப்பா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காலை மடக்கி மடக்கி வழிவிட்டார். ரிசப்ஷனில் ஒரு நாற்காலி கேட்டேன், அதற்கும் ஆள் இல்லை. சாவியோடு இன்னொரு செய்தியும் வந்தது: “இது நாலு பேர் ரூம் மேடம், எக்ஸ்ட்ரா பெட்டுக்கு 600.” அந்த பெட் என்பது நடுவில் பஞ்சு ஒதுங்கிப்போய், கையை வைத்தால் தரை தட்டுகிற ஒரு மெத்தை. உறைகூடப் போடவில்லை. அம்மா தன் புடவையை விரித்துப் படுத்தார்.

அதுகூடப் போகட்டும். ராத்திரி ஒன்பது மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. பையன் சோப்பு போட்டுக்கொண்டு உள்ளே நிற்கிறான். கீழே கேட்டால், எல்லாரும் ஆற்றில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து ரூமிலும் குளிக்கிறார்கள், டேங்க் காலி, காலையில்தான் மோட்டார் போடுவோம் என்றார்கள். ஊருக்கு வருகிறவர்கள் இப்படித்தான் குளிப்பார்கள் என்பது ஒகேனக்கல்லில் ஹோட்டல் நடத்துகிறவருக்குத் தெரியாதா? டேங்க் சின்னது என்றால் அதற்குத் தக்க ஆட்களைத்தானே சேர்க்க வேண்டும்? எதிர் ரூமில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், எண்ணினேன்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், எங்கள் வீட்டுக் குழாயில் வருவதே ஒகேனக்கல் தண்ணீர்தான். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் தருமபுரியிலும் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்த என் சித்தப்பாவுக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கறை. வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார். ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டி, 2013-ல் தண்ணீர் விட்டார்கள். அவ்வளவு தூரத்தில் இருக்கிற எங்களுக்கு வருகிற தண்ணீர், ஆற்றின் சத்தம் காதில் விழுகிற ரூமுக்கு வரவில்லை.

அந்த ஹோட்டலில் ஒரே ஒரு நல்ல மனசு, ரூம் பாய் தம்பி. பென்னாகரம் பக்கத்துப் பையன், இருபது வயதுகூட இருக்காது. காலை ஐந்து மணிக்கு அப்பா பக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியதைப் பார்த்துவிட்டு, “அப்பா, நீங்க இறங்காதீங்க, நான் கொண்டாரேன்” என்று வாங்கிக்கொண்டு ஓடினான். மூன்று மாடி. இரண்டு கையிலும் பக்கெட், நான்கு நடை. கடைசி நடையில் அவன் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. நூறு ரூபாய் கொடுத்தால், “அதெல்லாம் வேணாங்க்கா” என்றான்.

அப்புறம் அந்த ஹோட்டலில் ஒரு காபிகூடக் குடிக்கப் பிடிக்காமல் நேராக ஆற்றுப் பக்கம் போய்விட்டோம். மீனை நாமே வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருகிற அக்காக்கள் அங்கே வரிசையாக அடுப்பு வைத்திருக்கிறார்கள். ஒன்றரை கிலோ கட்லா வாங்கினோம். சமைக்கிற கூலியை முதலிலேயே பேசிவிட வேண்டும், எண்ணெயும் மசாலாவும் அதில் சேர்த்தியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அக்கா துண்டுகளைக் கல்லுப்பு போட்டு அலசி, ஒவ்வொன்றிலும் கத்தியால் மூன்று கீறல் போட்டு, மிளகாய் விழுதைக் கீறலுக்குள் விரலால் அழுத்தித் தேய்த்தார். விறகு அடுப்பில் பெரிய தோசைக்கல். ஓரம் மொறுமொறுவென்று சிவந்ததும்தான் திருப்பினார், அதற்கு முன்னால் தொடவே இல்லை. மேலே கறிவேப்பிலை. தலையையும் வாலையும் புளி கரைத்துக் குழம்பாக வைத்துவிட்டார். சுடுசோறு, அந்தக் குழம்பு, ஆற்றுக்காற்று. அடுத்தவர் வைத்த மீன்குழம்பை அம்மா பாராட்டி நான் கேட்டதே இல்லை. நேற்று அடுப்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “புளி எவ்வளவு போட்டே கண்ணு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பரிசல் போனோம், பாறைச் சுவர்களுக்கு நடுவே தலையில் சாரல் விழுந்தது, பையன் கத்தினான், இன்னொரு தடவை வேண்டும் என்றான். கவுன்டரில் ரசீது வாங்கிய பிறகும் தனியாகக் காசு கேட்டார் பரிசல்காரர். என் வீட்டுக்காரர் பேசிப் பேசிப் பாதியாகக் குறைத்தார். அப்பா மசாஜ் செய்துகொண்டார். அந்த அண்ணன் முட்டியை மட்டும் கால் மணி நேரம் நீவிவிட்டார். மேலே ஏறி வரும்போது அப்பா என் தோளைப் பிடிக்கவில்லை.

மதியம் கணக்கு முடிக்கப் போனபோது மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “சீசன்ல இப்படித்தான் மேடம்.” எக்ஸ்ட்ரா பெட் காசையாவது திருப்பித் தாருங்கள் என்று நகராமல் நின்றேன். பின்னால் நின்ற எதிர் ரூம்காரரும் தண்ணீர்க் கதையை ஆரம்பித்ததும் 300 எடுத்து வைத்தார். அதில் இருநூறை வாசலில் அந்தத் தம்பி சட்டைப் பையில் அம்மாவே திணித்துவிட்டார். இந்த முறை அவனால் மறுக்க முடியவில்லை.

பஸ்ஸில் பென்னாகரம் வரை நின்றுகொண்டே வந்தோம். அப்பாவுக்கு மட்டும் ஒரு காலேஜ் பெண் எழுந்து இடம் கொடுத்தது. பொங்கல் லீவுக்கு மறுபடி போகலாம் என்கிறான் பையன். போவோம், காலை முதல் பஸ்ஸில் போய் சாயங்காலம் திரும்புகிற மாதிரி. மிச்சமாகிற 4,000-த்துக்கு இரண்டு கிலோ வாளை மீன் வாங்கி அதே அக்காவிடம் கொடுக்க வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.