மூன்றாவது முறை ஊற்றியதில் குளம் அமைந்தது

மாதிரித் தோட்டத்தின் குளத்துக்கு நேற்று ராத்திரி ஊற்றிய ரெசின் (கண்ணாடி போல் இறுகும் பிசின்) காலையில் இறுகிவிட்டது. முதல் இரண்டு முறையும் தட்டில் தேங்கிய தண்ணீர் மாதிரி இருந்தது. இப்போதுதான் குளம்.

புதிதாக வருபவர்களுக்கு: சீனாவின் சூச்சௌ நகரத்து வாங்ஷி தோட்டத்தை, அதாவது வலைஞர் தோட்டத்தை, 1:50 அளவில் மாதிரியாகச் செய்கிறேன். பதவியை விட்டு வந்த அறிஞர் மீனவனாக வாழ நினைத்து வைத்த பெயர். மொத்தமே அரை ஹெக்டேர் சொச்சம்தான். ஆனாலும் நெருக்கடி தெரியாது, ஏனென்றால் நடுக்குளத்துத் தண்ணீர் எங்கே முடிகிறதென்று காட்டவே மாட்டார்கள். தென்கிழக்கில் ஒடுங்கி ஓடையாகி, மூன்றே எட்டில் தாண்டிவிடக்கூடிய யின்ஜிங் பாலத்துக்கு அடியில் நழுவிவிடும். வடமேற்கில் நெளிந்து போகும் பாலத்துக்குப் பின்னால் மறையும்.

மூலைகளை முதலிலேயே சரியாகச் செய்திருந்தேன். கோளாறு கரையில். ஃபோமைச் செங்குத்தாக வெட்டியிருந்தேன்; ரெசின் விளிம்பில் 2 மி.மீ. ஏறிப் பளபளத்தது. நிஜ அளவில் அது 10 செ.மீ.! நிஜத் தோட்டத்தின் படங்களை இரண்டு நாள் உற்றுப் பார்த்தபின்தான் பிடிபட்டது: மஞ்சள் கற்கள் தண்ணீர்மேல் துருத்தி நிற்கின்றன, அடியில் இருட்டுப் பொந்து. தண்ணீர் கல்லுக்குள்ளே போகிறது.

ஆகவே சூட்டுக் கம்பியால் அடியிலிருந்து சாய்வாக 8 மி.மீ. குடைந்தேன். பொந்துக்குள் கறுப்பும் காவியும் கலந்து பூசி, காய்ந்ததும் இரண்டு கை வார்னிஷ். பிறகு ரெசின், ஒவ்வொரு படலமும் 2 மி.மீ. மட்டுமே. பாசிப் பச்சை அடிப்படலத்தில் ஒரே சொட்டு, மேலே சுத்தத் தெளிவு. விளிம்பு இப்போதும் ஏறுகிறது, ஆனால் பொந்துக்குள் ஏறுவதால் கண்ணில் படாது. சீனத் தோட்டக் கலைஞர் ஜி செங் 1631-இல் எழுதி முடித்த தோட்ட நூலில், மனிதன் செய்தது இயற்கையாகவே அமைந்தது போலிருக்க வேண்டும் என்கிறார். அது இந்த எட்டு மில்லிமீட்டரில் இருக்கிறது என்று சத்தியம் செய்வேன்.

ரெசின் பற்றி ஒரு வார்த்தை: கைவினைக் கடையில் வாங்கிய சின்ன பாட்டில் ஒரே மாதத்தில் மஞ்சளடித்துவிட்டது. இப்போது ஃபைபர் வேலைக்காரர்கள் வாங்கும் கடையில் கிலோவாக எடுக்கிறேன், விலையும் குறைவு.

அடுத்து இதே தோட்டத்தின் தியான்சுன்யி முற்றம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 1981-இல் திறந்த ஆஸ்டர் முற்றம் என்ற சீனத் தோட்டத்துக்கு மாதிரி இதுதான். அதற்கான தாய்ஹூ ஏரிப் பாறைக்கு, ஓட்டையும் மடிப்பும் மெலிவுமாக, காகிதக்கூழ் ஏற்கெனவே ஊறுகிறது. யின்ஜிங் பாலத்தை இன்னும் ஒட்டவில்லை. கைப்பிடிச் சுவர் உயரம் சரிவர மாட்டேன் என்கிறது.