தோள் எடுக்கட்டும்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு மல்கோவா மரம் நிற்கிறது. சேலத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோதே காய்த்துக்கொண்டிருந்த மரம். இந்த மே மாதம் முழுக்க அந்த மரமும் என் மகளும்தான் மனசில்.

முதலில் பழைய கதை. கல்யாணமான இரண்டாம் வருஷம் அம்மா வீட்டிலிருந்து எல்லோரும் வருவதாக இருந்தது. எங்கள் மரத்துப் பழத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எனக்கு ஆசை. "இன்னும் பத்து நாள் போகட்டும் கண்ணு, தோள் எடுக்கல" என்றார் மாமியார். நான் கேட்கவில்லை. முப்பது காய் பறித்து, ஒரு கடையில் வாங்கிய கார்பைடு கல்லைக் காகிதத்தில் மடித்து நடுவில் வைத்துப் பெட்டியை மூடினேன். ஈரம் பட்டால் அது அசிட்டிலின் வாயுவைக் கக்கும், பழம் பழுக்க வைக்க அதற்குத் தடை என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் மேலே ஒரே மஞ்சள். அறுத்தால் கொட்டையை ஒட்டி வெள்ளை, புளிப்பு, துளி வாசமில்லை. அப்பா ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தட்டை நகர்த்தி வைத்தார்.

அடுத்த வருஷம் மாமியார் கூடவே நின்றேன். காம்பைச் சுற்றிப் பள்ளம் விழுந்து இரண்டு பக்கமும் தோள் புடைக்க வேண்டும். ஒரு பழமாவது தானாகக் கனிந்து விழ வேண்டும். வலை கட்டிய தொரட்டியால் காம்போடு பறிப்பார். காம்பு ஒடிந்தால் பால் வழிந்து தோல் கருகிவிடும். வைக்கோலில் அடுக்கிச் சாக்கைப் போர்த்திய பிறகு நான் தினம் நாலு தடவை திறந்து அமுக்கிப் பார்ப்பேன். அமுக்கிய இடமெல்லாம் கன்றிப்போனது. அவரோ கிட்டேயே போக மாட்டார். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ அடுப்படியில் நின்றபடியே "பழுத்துருச்சு, எடு" என்பார். எப்படித் தெரியும் என்றால், "வாசம் வருதுல்ல?"

அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. போன வருஷம்தான் எனக்கு அது வந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. போய்த் தொட்டுப் பார்த்தால், காம்படி விரலுக்கு லேசாக இடம் கொடுத்தது.

சரி, மகள் விஷயம். பன்னிரண்டாவது முடித்தாள். அடுத்து என்ன படிக்கப்போகிறாய் என்றால் "தெரியலம்மா" என்ற ஒரே பதில். நான் விடவில்லை. கல்லூரிப் பட்டியல், தெரிந்தவர்களோடு போன் பேச்சு, சாப்பிடும்போதும் அதே கேள்வி. ஒரு நாள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள். அப்பாவின் தட்டு நினைவுக்கு வந்தது. தானாகக் கனியாததைத் தடிகொண்டு அடித்தால் கனியுமா என்பார்கள். தடி என் கையில்தான் இருந்தது.

அன்றோடு கேட்பதை நிறுத்தினேன். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்க நெருங்க வயிற்றைப் பிசைந்தது. "நீயாவது கேளேன்" என்றார் வீட்டுக்காரர். ஆனால் அவள் காலையில் மரத்தடியில் நிற்பதைப் பார்த்திருந்தேன். செவ்வெறும்புகள் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டிய கூட்டை, அரை மணி நேரம் கண்ணெடுக்காமல் பார்ப்பாள். அவளுக்குள் என்னவோ நடக்கிறது என்று பட்டது. அதை நம்பி இருந்தேன்.

போன வாரம் சாயங்காலம் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தபோது, சாக்கின் மறுமுனையைப் பிடிக்க வந்தாள்.

"அம்மா, நான் விலங்கியல் எடுக்கட்டுமா?"

"எடு."

சேர்ந்து சாக்கை இழுத்து மூடினோம்.

"இது பழுக்க எத்தனை நாளாகும்?"

"தெரியல கண்ணு. பார்ப்போம்."