நான் ஜே, என் மகள் பி

எனக்கும் என் மகளுக்கும் ஒத்துப்போகாததற்குக் காரணம் வயசும் இல்லையாம், வளர்ப்பும் இல்லையாம். ஒருவர் குணத்தை நாலு எழுத்தில் சொல்லும் எம்பிடிஐ (MBTI) தேர்வின்படி நான் ஐஎஸ்டிஜே (ISTJ), அவள் இஎன்எஃப்பி (ENFP). நாலு எழுத்தும் நேரெதிர். செல்போனும் கையுமாக வந்து உட்கார்ந்து அவளே தீர்ப்புச் சொன்னாள்.

நான் ஐஎஸ்டிஜே ஆன கதை தனி. "திட்டம் திடீரென்று மாறினால் சுலபமாக ஏற்றுக்கொள்வீர்களா?" என்று ஒரு கேள்வி. ஆமாம் என்று விரலை வைக்கப் போனேன், கையைப் பிடித்துவிட்டாள்.

"பொய் சொல்லாதம்மா. போன தடவை கிளம்ப லேட்டானதுக்கு ஸ்டேஷன் வரைக்கும் நீ பேசவே இல்லை."

"பேசாமல் வந்தேன் இல்லையா? ஏற்றுக்கொண்டேன் என்றுதானே அர்த்தம்?"

அவளே எதிர்ப்பக்கம் தொட்டாள். அதற்கப்புறம் கேள்வி எனக்கு, பதில் அவளுடையது. கடைசியில் வந்தது என் குணமா, என்மேல் அவளுக்கு இருக்கும் புகார்ப் பட்டியலா என்பது அந்தச் செயலிக்கே வெளிச்சம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வகை பிரிக்கும் வேலையைத் தொடங்கியதே அமெரிக்காவில் ஒரு அம்மாவும் மகளும்தான். காதரின் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ். இரண்டு பேருமே உளவியல் பட்டம் பெற்றவர்கள் இல்லை. இசபெல் தான் மணக்கப்போகும் பையனை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, 'இவன் நம்மைப்போல யோசிக்கிறவனே இல்லையே' என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. மாப்பிள்ளை பிடிபடவில்லை என்பதற்காக மனித குலத்தையே வகை பிரிக்கக் கிளம்பிய மாமியார்! 1921இல் சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் மனித வகைகள் பற்றி எழுதிய நூல் ஆங்கிலத்தில் வந்ததும் அதையே அடிப்படையாக வைத்துக்கொண்டார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மகள் அதைக் கேள்வித்தாளாக்கினார். 16 வகை வந்தது இப்படித்தான்.

எங்கள் வீட்டில் அது வேறு வேலைக்குப் போனது. ஈரத்துண்டு கட்டிலில் கிடந்தால், "நான் பி வகைம்மா, எதையும் உடனே முடிக்க மாட்டேன்." சரி, நான் ஜே, முடிந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும், அதனால் கத்துகிறேன் என்றேன். "கத்துறது ஜே இல்லை, வெறும் கோபம்" என்றாள்.

ஒன்றே ஒன்று உருப்படியாக நடந்தது. தோழி பேசவில்லை என்று அவள் அழுதால் நான் உடனே யோசனை சொல்ல ஆரம்பிப்பேன், சண்டை என் பக்கம் திரும்பும். இப்போதெல்லாம் ஆரம்பிக்கும்போதே "அம்மா, எஃப்!" என்று எச்சரிக்கிறாள். எஃப் என்றால் மனசு வழியாக முடிவெடுக்கிற வகை, என் டி அறிவு வழி. வாயை மூடிக் கேட்கிறேன். எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது.

பாட்டியை மட்டும் அவளால் வகைப்படுத்த முடியவில்லை. கூட்டத்தில் இருக்கப் பிடிக்குமா என்றால், "யாரோட கூட்டம்?" சட்டென்று முடிவெடுப்பீர்களா என்றால், "யாருக்காக?" உளவியல்காரர்கள் பலரும் இதைத்தான் நீட்டி முழக்கிச் சொல்கிறார்கள். பெரும்பாலோர் நடுவில் எங்கேயோ இருக்க, இதுவா அதுவா என்று இரண்டே பெட்டியில் அடைப்பது சரியில்லை, சில வாரம் கழித்து எழுதினாலே பலருக்கு எழுத்து மாறிவிடுகிறது என்று.

சந்தேகம் வந்து மகள் மறுபடி எழுதிப் பார்த்தாள். கடைசி எழுத்து ஜே. படம் எடுத்து வைக்கலாம் என்று நான் போனை வாங்குவதற்குள் பக்கத்தை மூடிவிட்டாள்.