கிழமைக் கட்டும் போக வருமானமும்: குடும்பக் கடனை முடித்த கணக்கு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கடன் கூடின வீடுகளில் கொப்பியை விரித்தால் ஒரே விசயம்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். காசு வருவது ஒரு கணக்கில், கடன் கட்டுவது இன்னொரு கணக்கில். பெரும்போக நெல்லுக் காசு மாசி பங்குனியில் வரும், சிறுபோகக் காசு ஆடி ஆவணியில். வாடைக்காற்று எழும்பினால் கடல் தொழில் படுத்துவிடும். மேசன் வேலைக்கும் கூலிக்கும் கார்த்திகை, மார்கழி மழையில் பாதி நாள் வீட்டில்தான். கடன் சேர்க்கிறவர் மட்டும் மழை வெயில் பார்க்காமல் கிழமைக்கு ஒருதரம் வாசலில் நிற்பார். முதலாவது கடனை வீணாக்கியவர்களை விட, முதலாவது கடனின் கிழமைக் காசைக் கட்ட இரண்டாவதை எடுத்தவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம். ஆகையால் சிக்கனம் பற்றிப் பேசுமுன் நாட்காட்டியைப் பார்க்கவேண்டும்.

முதல் வேலை ஒரு சீஆர் கொப்பி. ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம். யாரிடம், எந்தத் திகதியில், கடிதத்தில் எழுதிய தொகை எவ்வளவு, கையில் உண்மையாக வந்தது எவ்வளவு, ஒரு தவணை எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை, பிணை யார், ஈடாக என்ன கொடுத்தது. இதில் "கையில் வந்தது" என்ற வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். கணக்கைத் தொடங்குவதே அங்கிருந்துதான். மனைவிக்குத் தெரியாமல் கணவன் வாங்கியதும், கணவனுக்குத் தெரியாமல் மனைவி வாங்கியதும் இந்தக் கொப்பிக்கு வரவேண்டும். குழுக்கடனில் (பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கும் கிழமைக் கட்டுக் கடன்) தன் பேரில் எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த கடன் என்று ஒன்று இருக்கும். "அது அவ கட்டுவா" என்று அதைத் தள்ளி வைக்காதீர்கள். கையெழுத்து யாருடையதோ கடனும் அவருடையதுதான். கடைக் கொப்பி, ரியூசன் காசு, சீட்டில் முன்னமே எடுத்துவிட்ட முறை எல்லாம் கடன்தான். எதையாவது மறந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் கிரிப் எனப்படும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை உங்கள் பேரில் நீங்களே எடுக்கலாம். வங்கி, நிதிக் கம்பனிக் கடன்களோடு நீங்கள் பிணை நின்றவையும் அதில் வரும். ஊரார் சொல்வதுபோல் அது கறுப்புப் பட்டியல் அல்ல. கட்டியதும் கட்டாததும் பதிவாகியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது வட்டி. "நூற்றுக்கு 24தானே" என்பார்கள். 100,000 ரூபா எடுத்து ஒரு வருடத்துக்கு 24,000 வட்டி சேர்த்து, 124,000ஐ 12 ஆகப் பிரித்தால் மாதம் 10,333. முதல் மாதமே வாங்கிய தொகையில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டத் தொடங்கிவிட்டீர்கள், ஆனால் வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு இலட்சத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. குறைந்துகொண்டு போகும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறத்தாழ 42 வீதம். ஆவணச் செலவென்று 3,000 கழித்து 97,000தான் கையில் வந்ததென்றால் மாதம் 4 வீதம், வருடத்துக்கு 48.

நாள் கட்டு இதைவிட மோசம். 10,000 வாங்கி நாளுக்கு 200 படி 60 நாள் கட்டினால் மொத்தம் 12,000. "இரண்டாயிரம்தானே கூட" என்று தோன்றும். மாத வட்டியாக்கினால் நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல். மாதம் நூற்றுக்குப் பத்து என்று ஊரில் கொடுக்கும் கடன்கூட அதற்குக் கீழேதான் நிற்கிறது.

வேளாண்மைக்காரருக்கு இன்னொரு வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கும். உரமும் மருந்தும் 60,000 ரூபாவுக்குக் கடனாக எடுத்து, சூடடித்ததும் அதே முதலாளிக்கு நெல் போடுகிறோம். வெளியே போகிற விலையை விடக் கிலோவுக்கு 5 ரூபா குறைத்து எடுத்தால் 3,000 கிலோவுக்கு 15,000. நாலு மாதத்துக்கு நூற்றுக்கு 25 கட்டியதாகக் கணக்கு. வட்டி என்று யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

இனி ஒரு வீட்டின் மாதக் கணக்கு, எடுத்துக்காட்டுக்கு. கணவன் மேசனுக்குக் கையாள், நாள் கூலி 2,500. வெயில் மாதத்தில் 20 நாள் வேலை, 50,000. மனைவி தையலில் 10,000. வீட்டுச் செலவு 34,000. கடன்கள்: குழுக்கடன் கிழமைக்கு 1,910, மோட்டார் சைக்கிள் லீசிங் 9,800, நூற்றுக்குப் பத்துக்கு வாங்கிய 50,000க்கு மாத வட்டி 5,000. நாலு கிழமை மாதத்தில் கடனுக்கு 22,440 போகும், மிச்சம் 3,560. பரவாயில்லை என்று நினைக்கும்போது ஐந்து கிழமை மாதம் வரும். வருடத்துக்கு 52 கிழமை, மாதத்துக்கு நாலென்று போட்டால் 48தான். மற்ற நாலு கிழமையும் எங்கேயோ நாலு மாதத்துக்குள் வந்து விழும், அந்த மாதங்களில் மிச்சம் 1,650. மார்கழியில் வேலை 9 நாள்தான் என்றால் வரவு 32,500க்கு இறங்கும், அது ஐந்து கிழமை மாதமாகவும் அமைந்தால் 25,850 ரூபா துண்டு விழும். அந்தத் துண்டுதான் தை மாதத்தில் புதுக் கடனாகிறது. இந்த வீட்டில் யாரும் ஊதாரியில்லை.

இங்கே எதை முதலில் கட்டுவது? கூடிய வட்டிக் கடனை முதலில் என்பது பொது விதி, எங்கள் கணக்கிலும் அதுதான் நின்றது. நூற்றுக்குப் பத்துக் கடன்தான் முதல் எதிரி. மாதம் 5,000 போகிறது, வாங்கிய தொகையில் ஒரு ரூபாவும் குறையவில்லை. வீட்டில் மிஞ்சிய நகை இருந்தால், அதை வங்கியில் ஈடு வைத்து இந்த 50,000ஐ ஒரே தடவையில் அடைப்பது பெரும்பாலும் சரியான வழி. வங்கி வட்டி மாதம் ஒன்றரை வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (கவுன்டரில் கேட்டு உண்மையான வீதத்தைப் போடுங்கள்). வழமையாகக் கொடுத்த அதே 5,000ஐ மாதாமாதம் அடகுக்குக் கட்டினால் 11ஆவது மாதம் முதலும் வட்டியும் முடிந்து நகை வீட்டுக்கு வரும். ஊர் வட்டிக்கு அந்தப் பதினொரு மாதமும் 55,000 கொடுத்துவிட்டு 50,000 கடனோடு நின்றிருப்பீர்கள்.

இதில் பிழைக்கும் இடம் ஒன்றுதான். வட்டி 750 ஆகக் குறைந்ததும் மீதி 4,250 கைச்செலவில் கரைந்துபோகும். நகையும் போய், அடுத்த மாரிக்கு நூற்றுக்குப் பத்துக் கடனும் திரும்ப வந்துவிடும். ஆகவே பழைய வட்டி கொடுத்த அதே நாளில் வங்கிக்குப் போங்கள். பகுதி பகுதியாகக் கட்ட விடுவார்கள், கட்டியதை அடகுச் சிட்டையிலோ பற்றுச்சீட்டிலோ பார்த்துக்கொள்ளுங்கள். அடகின் இன்னொரு நன்மை, மார்கழியில் கட்ட முடியாவிட்டால் யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள். ஆனால் சிட்டையில் எழுதிய காலம் தாண்டினால் ஏலம். அறிவித்தல் தபாலில் வரும் என்பதால் வீடு மாறியிருந்தால் விலாசத்தை வங்கியில் மாற்றிவிடவேண்டும். பவுணுக்குக் கூடக் காசு தருகிறோம் என்றாலும் தேவைக்கு மேல் எடுக்கவேண்டாம்.

கூடிய வட்டி முதலில் என்ற விதிக்கு விலக்கு உண்டு. ஓட்டோ ஓடித்தான் அடுப்பெரிகிறது என்றால் அதன் லீசிங் எல்லாவற்றுக்கும் முன்னுக்கு. ஏலத் திகதி நெருங்கிய அடகும் அப்படித்தான். குழுக்கடனை நிறுத்தினால் அன்றைக்கே பிணை நின்ற பெண்கள் தலையில் விழும், ஊரில் முகம் முறியும். அதைக் கடைசிக் கிழமை வரை ஒழுங்காகக் கட்டி முடித்து வெளியே வருவதே நல்லது.

குழுக்கடனை இடையில் முடிக்கப் போகிறவர்கள் முதலில் கிளைக்குப் போய் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: "இன்றைக்கு முழுதாக முடித்தால் எவ்வளவு? எழுதித் தாங்க." வாசலில் வரும் தம்பியிடம் கேட்டுப் பயனில்லை, அவர் கையில் தவணைப் பட்டியல் மட்டும்தான் இருக்கும். சில இடங்களில் மிச்சக் கால வட்டியைக் கழித்து விடுவார்கள், சில இடங்களில் கழிக்கமாட்டார்கள். கழிக்காத கடனை முன்கூட்டி அடைத்தால் ஒரு சதமும் லாபமில்லை. அந்தக் காசை வேறு கடனில் போட்டுவிட்டு இதைத் தவணைப்படியே விடலாம்.

பாதிக்கு மேல் கட்டினதும் இன்னொரு பேச்சு வரும். "அக்கா, இத முடிச்சிட்டுப் பெரிசா ஒண்டு போடுவம்." நாற்பதாயிரம் மீதி இருக்கையில் ஒரு இலட்சம் எழுதி, அந்த நாற்பதைக் கழித்து அறுபது தருவார்கள், ஆவணச் செலவு வேறு. வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கும் விழும். பழைய நாற்பதாயிரத்துக்கு ஏற்கெனவே வட்டி போட்டாயிற்று, இப்போது அதற்கே இரண்டாம் முறை. "மறுகா பார்ப்பம்" என்று அனுப்பிவிடுங்கள்.

மாரிக் காலத்துண்டை அடைக்க ஐப்பசியிலேயே வேலை தொடங்கவேண்டும். தவணை தவறிய பிறகு போனால் அவர்கள் சொல்வதுதான் சட்டம். தவறுமுன் போனால் பேச இடமிருக்கும். ஒரு பக்கக் கடிதம் போதும்: கடன் இலக்கம், இதுவரை தவறாமல் கட்டிய விபரம், மார்கழி தை இரண்டு மாதமும் எவ்வளவு கட்டமுடியும், மாசியிலிருந்து எவ்வளவு. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிளை முத்திரையும் திகதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்டவட்டி ஏறுமா என்று அதிலேயே கேளுங்கள். பிந்திக் கட்டும் காசு பல இடங்களில் முதலில் தண்டத்துக்கும் பிறகு வட்டிக்கும் கழிந்து, மிஞ்சினால்தான் முதலுக்குப் போகும். கட்டிக்கொண்டே இருந்தும் கடன் குறையாத மாயம் அதுதான்.

வங்கியோ, மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிதிக் கம்பனியோ நியாயமாக நடக்காவிட்டால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட்டு, பதில் சரியில்லையென்றால் மத்திய வங்கியின் 1935க்கு அழைக்கலாம். தனியாள் கொடுக்கல் வாங்கலுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. சட்டத்தரணி தேவையில்லை, தவணை போட்டுக் கட்ட இணக்கம் எழுதித் தருவார்கள். வட்டிக்காரர் வீட்டில் வந்து மிரட்டினால் அது பொலிஸ் வேலை.

நெல் வீடுகளுக்கு ஒரு வழி உண்டு, நாங்கள் கண்டதில் இதுதான் சத்தமில்லாமல் அதிகம் உதவியது: சாப்பாட்டு நெல்லை விற்காமல் வைப்பது. ஐந்து பேருக்கு ஆளுக்கு மாதம் 9 கிலோ அரிசி என்றால் மாதம் 45, ஆறு மாதத்துக்கு 270 கிலோ. நெல்லில் நூற்றுக்கு 65 அரிசி கிடைத்தால் 415 கிலோ நெல், 66 கிலோ மூட்டையில் ஆறேகாலுக்குச் சற்று மேல். பெரும்போகத்தில் ஏழு மூட்டை, சிறுபோகத்தில் ஏழு மூட்டை நன்றாகக் காயவைத்து ஒதுக்கினால் கார்த்திகையில் கடையில் அரிசி வாங்கவேண்டியதில்லை. ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், தரையில் நேரே அடுக்காமல் பலகை போட்டு அடுக்கவேண்டும். முதலாளி கேட்டாலும் இந்த மூட்டைகளுக்குக் கணக்குச் சொல்லவேண்டாம்.

மற்றச் செலவுகளில் பிடிக்கக்கூடியது குறைவு. மின்கட்டணத்தை நிலுவை விடக்கூடாது, வெட்டினால் திரும்ப இணைக்கத் தனிக் காசு. வைகாசிச் சடங்கு, பெருநாள், சாமத்திய வீடு, பிள்ளைகளின் பாடசாலைச் சாமான் ஆகியவை திடீர்ச் செலவு அல்ல. திகதி தெரிந்த செலவு. வருட மொத்தத்தை வெயில் மாதங்களின் எண்ணிக்கையால் பிரித்து அந்த மாதங்களில் தனி டப்பாவில் போடலாம். சீட்டுப் போடுகிறவர்கள் கழிவு கூடிய முதல் முறைகளை விட்டு ஐப்பசி, கார்த்திகை முறையைக் கேட்டு வாங்குவது புத்தி. காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் பள்ளிவாசலில் ஸகாத் விசாரிக்க வெட்கப்படவேண்டியதில்லை. ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் கடன்பட்டவரும் ஒருவர்.

கடன் முடிகிற நாளில் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். நிறுவனத்தில் கடன் முடிந்ததற்கான கடிதம் வாங்கவேண்டும். லீசிங் என்றால் வாகனப் புத்தகத்தில் கம்பனியின் உரிமையை நீக்கும் கடிதமும் வேண்டும், இல்லாவிட்டால் விற்க முடியாது. தனியாளிடம் கொடுத்த வெற்றுக் காசோலை, புறோநோட்டு, முத்திரைக்கு மேல் கையெழுத்திட்ட வெற்றுத்தாள் எல்லாவற்றையும் எண்ணி வாங்கவேண்டும். காணி உறுதி கொடுத்திருந்தால் நொத்தாரிசிடம் காட்டுங்கள். ஈட்டு உறுதி என்று சொல்லி அறுதி உறுதியில் கையெழுத்து வாங்கியிருக்கலாம். அறுதி என்றால் காணி ஏற்கெனவே அவர் பேரில், திரும்ப எழுதினால்தான் வரும். எங்கள் பக்கம் சீதன வீடு பெண்ணின் பேரில் இருப்பதால் கையெழுத்து அவளுடையதாகவே இருக்கும், அவளையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அரசின் அஸ்வெசும உதவிக் காசு வரும் ஏரிஎம் அட்டையை இரகசிய இலக்கத்தோடு கொடுத்தவர்கள் அட்டையை வாங்கினதும் நேரே வங்கிக்குப் போய் இலக்கத்தை மாற்றுங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்துக் கிரிப் அறிக்கையை இன்னொருதரம் எடுத்து, கடன் முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதியவில்லையென்றால் அந்தக் கடிதத்தின் பிரதியோடு கிளைக்குப் போகவேண்டும்.