ஆபரேஷன் நோட்ஸை அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்

குழந்தைப்பேறு சிகிச்சைக்காகப் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதம், மெடிசேவ் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்பு) படிவம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. என்னை அலைக்கழித்தது ஒரே ஒரு தாள்: கரு கலைந்தபோது ஒரு தனியார் மருத்துவமனையில் செய்த டி அண்ட் சி-யின், அதாவது கருப்பையின் உள்ளே சுத்தம் செய்யும் சிகிச்சையின், ஆபரேஷன் நோட்ஸ்.

ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போயும் கருப்பையின் உட்சவ்வு 5 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. கரு வைக்கக் குறைந்தது 7 மில்லிமீட்டர் வேண்டும் என்பார்கள். உள்ளே தழும்பு ஒட்டியிருக்கலாம், ஆஷர்மன் சிண்ட்ரோமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட டாக்டர், பழைய நோட்ஸைக் கேட்டார். அந்த மருத்துவமனையின் கவுண்டரில் முதலில் பில்லை அச்சடித்துக் கொடுத்தார்கள். "அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். விடுப்பு எடுத்துப் போனால், டிஸ்சார்ஜ் தாள்! வாயால் கேட்டு எதுவும் நடக்கவில்லை. எழுதிக் கொடுத்து, கட்டணம் கட்டி, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பிறகுதான் கிடைத்தது.

அந்த இடைவெளியில் சொந்தக்கார அக்கா மூலம் ஓர் ஏஜெண்ட் வந்தார். வெளிநாட்டில் ஸ்டெம் செல் (புதுச் செல்களை உருவாக்கும் மூலச் செல்) சிகிச்சையாம், முன்பணம் பல ஆயிரம் வெள்ளி. அவர் பேச்சு உண்மையான அறிவியலிலிருந்து தொடங்குவதுதான் ஆபத்து. மாதவிடாயில் மேலடுக்கு உதிர்ந்ததும் அடியடுக்கின் ஸ்டெம் செல்கள் அதைத் திரும்ப வளர்க்கின்றன, வெட்டிய புல் வேரிலிருந்து துளிர்க்கிற மாதிரி. அடியடுக்கே காயப்பட்டால் தழும்புதான் மிஞ்சும். எலும்பு மஜ்ஜையிலும் ஸ்டெம் செல்கள் உண்டு; மஜ்ஜை மாற்றிக்கொண்ட பெண்களின் உட்சவ்வில் கொடையாளியின் செல்கள் இருந்ததை 2004-இல் கண்டறிந்தார்கள். 2016-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள், பெண்களின் சொந்த மஜ்ஜைச் செல்களைக் கருப்பை ரத்தக்குழாய் வழியே செலுத்திய முடிவுகளை வெளியிட்டார்கள். நம்பிக்கை தரும் ஆய்வுதான். ஆனால் பங்கேற்றவர்கள் இருபது பேர்கூட இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை.

ஏஜெண்டிடம் இதைக் கேளுங்கள்: எந்தச் செல், ஆய்வின் பதிவு எண் என்ன, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? எனக்குக் கிடைத்த பதில், "சலுகை இந்த மாதம் வரைதான்." பிள்ளைக்காக ஏங்குகிறவர்களிடம் இப்படி வியாபாரம் செய்வதை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது.

நோட்ஸில் ஒரு வரி எல்லாவற்றையும் மாற்றியது: உறிஞ்சி எடுத்த பிறகு கூர்மையான கருவியாலும் சுரண்டியிருக்கிறார்கள். தழும்புச் சந்தேகம் வலுக்கவே, டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக ஹிஸ்டரோஸ்கோப்பிக்கு, அதாவது கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதற்கு, போனார். ஒட்டியிருந்த தழும்புகளை வெட்டி விலக்கினார். பிந்தைய ஸ்கேனில் தாதி 7.2 என்று வாசித்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தழும்பு திரும்பவும் ஒட்டக்கூடும். கரு வைக்க நாள் குறிப்பதற்கு முன், உள்ளே மறுபடி பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.